பிள்ளை பார்க்க வரும் சொந்தங்களுக்கு

அன்புள்ள பெரியம்மாக்களே, அத்தைமார்களே, மாமா, சித்தப்பா முறையுள்ள பெரியவர்களே,

அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாலையில் பார்வை நேரத்துக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து நின்ற உங்களை, "ஒவ்வொருத்தரா போங்க, செருப்பை வெளியில விடுங்க" என்று அதட்டியவர்களில் ஒருத்தி. அன்றைக்கு நின்று பேச நேரம் இருந்ததில்லை. சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

உங்களில் சிலருக்குக் கட்டிலருகே இருக்கும் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதில் 'கன்ஜெனிட்டல்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். கூட வந்த காலேஜ் பிள்ளை அதைப் படித்து, "பிறவிக் கோளாறாம்" என்று சொல்லும். அதுவரை ஒரு பிழையும் இல்லை. ஆனால் நீங்கள் பஸ் ஏறி ஊர் போய்ச் சேர்வதற்குள் அது 'பரம்பரை நோய்' ஆகிவிடும். தெருமுனையில் இறங்கும்போது 'தீராத நோய்'. வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது 'அவ அம்மா வீட்டுப் பக்கத்துல இருந்து வந்தது'. அங்கே பிரசவ வலி ஓயாமல் படுத்திருக்கும் பெண்ணின் மேல் இங்கே வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

அந்த ஒரு வரியில் டாக்டர் எழுதியது மிகச் சின்ன சங்கதி. இந்தக் கோளாறு குழந்தை பிறக்கும்போதே இருந்தது, அவ்வளவுதான். கடிதத்தின் மேல் விழும் தபால் முத்திரை அது வந்த தேதியைக் காட்டும்; யார் எழுதினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாது. எதனால் வந்தது, யாரிடமிருந்து வந்தது, குணமாகுமா, அடுத்த பிள்ளைக்கும் வருமா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் 'பிறவி' என்ற சொல்லில் பதில் கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.

பிறக்கும்போது இருந்தது என்றால் பிறந்தவுடன் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிடுவது உண்டு. பிரசவ அறையில் குழந்தையைத் துடைக்கும்போது எங்கள் கண்ணில் படுவதும் உண்டு. வருஷக்கணக்கில் ஒளிந்திருப்பதும் உண்டு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாயிலில் மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வு, நூறு பேரில் ஒருவருக்கு இரண்டு இதழோடு அமைந்திருக்கிறது. அவர்களில் பலருக்கு ஐம்பது, அறுபது வயதில் மூச்சு வாங்கும்போதுதான் அது தெரிய வருகிறது. இதைப் படிக்கும் பெரியவர்களில் ஒருவருக்கே இருக்கலாம். அப்படித் தெரிய வந்தால் உங்கள் தாயாரைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பீர்களா?

கேள்வி கேட்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் அதிகம் பேசப் போகிறேன். உதடு பிளந்த குழந்தையைப் பார்த்ததும் உங்கள் வாயில் முதலில் வருவது, "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்தியா?" என்பது. இரண்டாவது, "கத்தி, அரிவாள்மணை எதையாச்சும் எடுத்தியா?" அந்தப் பெண் யோசித்துப் பார்ப்பாள். ஏழாம் மாதத்தில் ஒரு கிரகணம் வந்தது, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனோமே என்று நினைவு வரும். அழத் தொடங்குவாள்.

அவளுக்காகக் கணக்கை நான் சொல்கிறேன். குழந்தையின் மேலுதடு ஒன்று சேர்ந்து முடிவது கரு உண்டான ஏழாவது வார வாக்கில். அண்ணம் மூடுவது பன்னிரண்டாவது வாரத்துக்குள். ஏழாம் மாதக் கிரகணம் வரும்போது அந்த உதடு உருவாகி முடிந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். கட்டி முடித்துக் குடிபோன வீட்டின் அஸ்திவாரத்தை எந்தக் கிரகணமும் மாற்றாது. முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய் இதைவிடச் சீக்கிரம், கரு உண்டான 28-ஆம் நாள் வாக்கில் மூடிவிடுகிறது. அப்போது அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதே சரியாகத் தெரிந்திருக்காது. தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பத்தியம் இருப்பாள்?

தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீங்கள் தொடங்கி வைத்த வழக்கமும் இல்லை. மகாபாரதத்தில் திருதராட்டிரன் கண் தெரியாமல் பிறந்ததற்குக் காரணம், வியாசரின் கோலத்தைக் கண்டு அம்பிகை கண்ணை மூடிக்கொண்டது. பாண்டு வெளிறிப் பிறந்ததற்குக் காரணம், அம்பாலிகை பயத்தில் வெளிறியது. முனிவர் தலை வாரிக்கொண்டு வந்திருக்கலாமே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் பக்கத்துக் கதை கோச்செங்கட் சோழனுடையது. ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை உலகாள்வான் என்று சோதிடர் சொன்னதால், தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடச் சொல்லிப் பிரசவத்தைத் தள்ளிப்போட்டாள் என்கிறது பெரியபுராணம். பிள்ளை சிவந்த கண்ணோடு பிறந்தது, அவள் இறந்தாள். இதைத் தாயின் தியாகக் கதையாகச் சொல்கிறார்கள். பிரசவ அறையில் வேலை பார்த்தவளுக்கு இது வேறு மாதிரி கேட்கிறது. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து சிசேரியனுக்கு நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கமலவதி ஞாபகம் வரும்.

சரி, உண்மையில் எதனால் வருகிறது? சுமார் பாதிக் குழந்தைகளுக்குக் காரணம் இதுதான் என்று கைகாட்ட மருத்துவத்தால் இன்னும் முடியவில்லை. மீதிப் பாதியில் பல வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

1941-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம், கண்ணில் புரை விழுந்த கைக்குழந்தைகள் அடுத்தடுத்து வந்தன. அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் பரம்பரை நோய் வரக் காரணமில்லை. காத்திருப்பு அறையில் தாய்மார்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்கிறார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை, அதாவது ரூபெல்லா வந்து போனதாக அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே அந்தக் காய்ச்சல் பரவியிருந்தது. கிரெக் கணக்கெடுத்துப் பார்த்தார், பொருந்தியது. தாய்க்கு இரண்டு மூன்று நாள் சிவப்புத் தடிப்போடு போய்விடும் காய்ச்சல், முதல் மூன்று மாதத்தில் வந்தால் கருவின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்குகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான். தாயிடம் நீங்களும் கேட்கிறீர்கள், அவரும் கேட்டார். அவர் கேட்டதில் பழி இல்லை, அதனால் பதில் கிடைத்தது.

நம் ஊரில் 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடும் முகாம் நடந்தது. வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பல வீடுகளில் பிள்ளையை அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடும்" என்று சொன்னவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். அந்த ஊசியில் ரூபெல்லாவைச் சேர்த்ததே அந்தப் பொம்பளைப் பிள்ளை பின்னாளில் பெறப்போகும் குழந்தைக்காகத்தான் என்பதை அவர்களுக்குப் புரியும்படி நாங்களும் சொல்லியிருக்கவில்லை.

இன்னொரு வழி, பேச வாய் கூசும் வழி. சிபிலிஸ் என்ற பால்வினை நோயோடு பிறக்கும் குழந்தைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு டாக்டர்கள் பரம்பரைச் சிபிலிஸ் என்று எழுதிவைத்தார்கள். 1905-ல் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, இது ரத்தவழி வம்சத்தில் இறங்கும் நோய் இல்லை, நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து தொற்றும் நோய் என்பது தெளிவாயிற்று. தாய்க்கு உரிய காலத்தில் பெனிசிலின் ஊசி போட்டால் குழந்தை தப்பிக்கிறது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தத்தில் இந்தச் சோதனை செய்வது அதற்காகத்தான். அந்தத் தாய்க்கு அது எங்கிருந்து வந்தது என்பதைத் திண்ணையில் இருப்பவர்கள் யோசிப்பதே இல்லை.

மருந்தாலும் வரும். மேற்கு ஜெர்மனியில் 1957-ல் தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் நல்லது என்று விற்ற தாலிடோமைடு, 1961-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கை, கால் வளர்ச்சியைக் குலைத்துவிட்டது. டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் கூடாது என்று கர்ப்பிணியிடம் நாங்கள் கெடுபிடியாகச் சொல்வதற்கு அந்தக் குழந்தைகள்தான் காரணம். நாட்டு மருந்துக்கும் அதே விதிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி, நீங்கள் முதலில் போய் நிற்கும் 'பரம்பரை' என்ற இடத்துக்கு வருகிறேன். பிறவியில் இருப்பதெல்லாம் பரம்பரை இல்லை. பரம்பரையாக வருவதெல்லாம் பிறவியிலேயே தெரிவதும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது என்று 1959-ல் கண்டறிந்தார்கள். மரபுப்பொருளில் வந்த மாற்றம்தான், ஆனால் பெரும்பாலும் தாத்தா பாட்டியிடமிருந்து வருவதில்லை. சினைமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது அந்த ஒரு முறை நேரும் பிசகு. மறுபக்கம், ஹண்டிங்டன் என்ற நரம்பு நோய் சந்தேகமே இல்லாமல் பரம்பரையாக வருவது. அது பிறக்கும்போது எட்டிக்கூடப் பார்க்காது, பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும்.

சில பிறவிக் கோளாறுகள் உண்மையிலேயே குடும்ப வழியில் வருகின்றன, மறைக்கவில்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று குறையுள்ள மரபணு இரண்டு சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்கள் அதில் நிறைய. சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அந்த இரண்டும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. தாய்மாமனையே கட்டினால் நாலில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இன்றைக்கும் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. சொந்தத்தில் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன என்பதும் உண்மைதான், ஆபத்து கொஞ்சம் கூடுகிறது அவ்வளவே. இருந்தாலும் கேட்கிறேன்: "எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்று கேட்கும் அத்தையே, சொத்து வெளியில் போகக்கூடாது, முறைப்பெண் இருக்க வெளியில் எதற்கு என்று அந்த ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது யார்? இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தானே?

காரணத்தைப் பற்றி இவ்வளவு போதும். இன்னும் பெரிய சேதம் 'தீராது' என்ற முடிவால்தான் வருகிறது. பிறவிக் குணத்துக்கு மட்டை வைத்துக் கட்டினாலும் தீராது என்று நம் பழமொழி சொல்கிறது. குணத்துக்கு எப்படியோ, பிறவியில் வளைந்த பாதம் மட்டை வைத்துக் கட்டினால் தீர்கிறது! ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு இப்படி உள்பக்கம் திரும்பிய பாதம் அமைகிறது. ஸ்பெயினிலிருந்து உள்நாட்டுப் போருக்குப் பின் வெளியேறி அமெரிக்காவின் அயோவா போய்ச் சேர்ந்த இக்னேசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் ஒரு முறையை உருவாக்கினார். வாரம் ஒரு முறை பாதத்தைக் கையால் மெல்ல மெல்லத் திருப்பி மாவுக்கட்டு போடுவது. ஐந்தாறு கட்டில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகாலுக்கு மேல் தசைநாரில் ஊசிமுனை அளவு ஒரு வெட்டு, அதற்குப் பிறகு ஒரு கடைசிக் கட்டு. பெரிய அறுவை சிகிச்சையை நம்பியிருந்த டாக்டர்கள் பல வருஷம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. பலன் கண்ட பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பியதும் அது உலகமெங்கும் போய்ச் சேர ஒரு காரணம். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் இதைச் செய்கிறார்கள்.

இதில் கட்டு போடும் கட்டத்தை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். அதன் பிறகு இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்துக் கொடுப்பார்கள். முதல் மூன்று மாதம் நாளெல்லாம், குளிக்க மட்டும் கழற்றலாம். பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. குழந்தை முதல் சில இரவு அழும். அப்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் வரும்: "பச்சப்புள்ள கால்ல என்னடி விலங்கு, கழட்டிப் போடு." அம்மா கழற்றுவாள், பாதம் மறுபடி திரும்பும். சரியான பாதம் மீண்டும் வளைந்து வருவதற்கு முக்கியக் காரணம் அந்த ஷூவை இடையில் நிறுத்துவதுதான். பாட்டியின் பாசத்தோடு சண்டை போட எங்களிடம் மாத்திரை கிடையாது.

தைராய்டு சுரப்பி இல்லாமலோ சரியாக வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தையின் நிலை இன்னும் அவசரமானது. தாயிடமிருந்து கிடைத்த சுரப்பு கொஞ்ச நாள் காப்பாற்றுவதால் பார்க்க லட்சணமாக இருக்கும். "புள்ள எவ்வளவு அமைதி, அழுவுறதே இல்ல" என்று நீங்கள் மெச்சுவீர்கள். அந்த அமைதியே அறிகுறியாக இருக்கலாம். பிறந்து இரண்டு மூன்று நாளில் குதிகாலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மலிவான மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலப் படிக்கும், வளரும். விட்டுவிட்டால் மூளை வளர்ச்சி குன்றும்; பிறகு எத்தனை மாத்திரை கொடுத்தாலும் இழந்தது திரும்பாது.

காது விஷயமும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். "அவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்ற உங்கள் ஆறுதலில் போய்விடும் காலம் இந்தக் காலம்தான். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்துவதற்கு இடமிருக்கிறது. ஆனால் பிள்ளை சிறிதாக இருக்கும்போதே வந்தாக வேண்டும். இதயத்தில் சின்ன ஓட்டை என்றால் பல குழந்தைகளுக்குத் தானே மூடிக்கொள்ளும், டாக்டர் சொல்லும் தேதியில் எக்கோ பார்த்துக்கொண்டு வந்தால் போதும். உதட்டுப் பிளவுக்கு மூன்று மாதத்துக்கு மேல் அறுவை சிகிச்சை. அதுவரை நிமிர்த்திப் பிடித்துப் பாலாடையில் பால் புகட்டத் தெரிந்த ஒரு கை வேண்டும். அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். டவுன் சிண்ட்ரோமை மாற்ற மருந்தில்லை. சில இதயக் கோளாறுகள் குழந்தையைக் கொண்டுபோய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் காரணம் தேடுவது இன்னும் கொடுமை. "முன்ஜென்ம வினை" என்று ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், தெரியும். கேட்பவளுக்கு அது தண்டனை என்று கேட்கிறது.

காகித விஷயம் ஒன்று, சுருக்கமாக. காப்பீட்டுக்காரர்கள் இந்தச் சொல்லை வேறு கணக்கில் வைத்திருக்கிறார்கள். உடம்பில் வெளியே தெரியும், கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது வெளிப்புறப் பிறவிக் குறைபாடு, மற்றது உட்புறம். வெளிப்புறத்துக்குப் பணம் தராத பாலிசிகள் பல உண்டு. உதட்டுப் பிளவும் இதய ஓட்டையும் இரண்டுமே பிறவிதான் என்றாலும் அங்கே ஒன்றில்லை. பாலிசியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அரசின் பட்டியலிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்புக் குறைபாடுகள் என்று ஒன்பதைக் குறித்திருக்கிறார்கள். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை பாதிப்பும் அதில் சேர்த்தி. அது பிறந்த பின் சில வாரங்களில் உண்டாவது, பிறவிக் கோளாறே இல்லை. ஆனாலும் சேர்த்தது நல்லது என்பேன். பெயர் எதுவானாலும் அந்தக் குழந்தைகளின் கண்ணை யாராவது சோதித்தால் சரி. இந்தத் திட்டத்தில் மாவட்டந்தோறும் அமைத்த தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் சிகிச்சை இலவசம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் டாக்டர் குழு வந்து பார்ப்பதும் இதில்தான்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது ஒரு வேண்டுகோள். கேஸ் ஷீட்டைப் புரட்டாதீர்கள், குழந்தையின் துணியை விலக்கிப் பார்க்காதீர்கள். அந்தப் பெண்ணிடம், "அடுத்து எப்ப வரச் சொல்லியிருக்காங்க? நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாயிற்றா, காது பார்த்தாயிற்றா என்று நர்ஸிடம் கேளுங்கள். நாங்கள் எரிந்து விழுந்தாலும் கேளுங்கள். வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் பெண் இருந்தால் ரூபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கர்ப்பத்துக்கு ஒரு மாதமாவது முன்னால் போட்டுவிடுங்கள். கர்ப்பமான பிறகு போடக்கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடத் தொடங்க வேண்டியது நாள் தள்ளிப்போவதற்கு முன்பே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், தருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு செவிலியர்